பழைய பொருளுக்கு நியாய விலை: படகும் பட்டும் யூபிலிச் சட்டமும்



யூபிலி மலர் என்றால் ஆலயம் எழுந்த வரலாறு, பங்கில் பணிபுரிந்த குருக்களின் வரிசை, பீடமும் மணிக்கூண்டும் அமைந்த கதை ஆகியவற்றை எதிர்பார்ப்பீர்கள். அவற்றையெல்லாம் இம்மலரில் மற்றவர்கள் சிறப்பாக எழுதியிருக்கிறார்கள். ஆகவே நான் வேறொன்றை எடுத்துக்கொள்கிறேன். யூபிலி என்னும் சொல்லோடு கூடவே பிறந்து, இன்று அநேகமாக மறக்கப்பட்டுவிட்ட ஒரு கணக்கைப் பற்றியது இக்கட்டுரை. பயன்பட்டுப் பழையதாகிவிட்ட ஒரு பொருளை விற்கும்போது அதற்கு நியாயமான விலை எது என்பதே அந்தக் கணக்கு.

இது கடைக்காரர் பேச வேண்டியது, சாமியாருக்கு இதில் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். பழைய படகு, பழைய தறி, பழைய பட்டுப்புடவை இவற்றை மகிழ்ச்சியோடு விற்பவர் குறைவு. சாவுச் செலவு, மருத்துவச் செலவு, மகள் கலியாணம், கழுத்தை நெரிக்கும் கடன் என்று ஏதாவது ஒன்று வீட்டு வாசலில் வந்து நிற்கும்போதுதான் அவை விலைக்கு வருகின்றன. அந்த வேளையில் பேசப்படும் விலையில் ஒரு குடும்பத்தின் கண்ணீர் கலந்திருக்கிறது. அதனால்தான் திருமறையும் திருச்சபையும் இதைப்பற்றிப் பேசாமல் விடவில்லை.

யூபிலியின் கணக்கு

பாப்பரசர் 8ஆம் போனிப்பாசியார் 1300ஆம் ஆண்டில் உரோமையில் முதல் யூபிலி ஆண்டை அறிவித்தார். அதே வழியில் 2025ஆம் ஆண்டையும் திருச்சபை யூபிலி ஆண்டாகக் கொண்டாடியது. ஆயினும் யூபிலியின் வேர் அதற்கும் வெகு முந்தியது. பழைய ஏற்பாட்டில் லேவியர் நூலின் 25ஆம் அதிகாரத்தில் அதைக் காண்கிறோம். ஏழு ஏழாண்டுகள் கழிந்தபின் வரும் 50ஆம் ஆண்டில் எக்காளம் ஊதப்பட வேண்டும். அடிமைகள் விடுதலை பெற வேண்டும். வறுமையினால் கைமாறிப்போன நிலம் பழைய குடும்பத்துக்கே திரும்ப வேண்டும் என்பது அந்தச் சட்டம்.

இதுவரை எல்லோரும் அறிவோம். ஆனால் இச்சட்டம் இருக்கும் நாட்டில் நிலத்தை எப்படி விலை பேசுவது? அடுத்த யூபிலியில் திரும்பிப் போகப்போகும் நிலத்துக்கு முழு விலை கொடுப்பார் யார்? இக்கேள்விக்கு அதே அதிகாரத்தின் 14 முதல் 16 வரையுள்ள வசனங்கள் விடை தருகின்றன. யூபிலிக்கு இன்னும் பல ஆண்டுகள் இருந்தால் விலை கூட வேண்டும். சில ஆண்டுகளே இருந்தால் விலை குறைய வேண்டும். ஏனெனில் விற்கப்படுவது உண்மையில் நிலமன்று, இனி அதில் விளையப்போகும் அறுவடைகளின் எண்ணிக்கையே என்கிறது சட்டம். இந்தக் கணக்கைச் சொல்லும்போதே, ஒருவரையொருவர் ஏமாற்றக் கூடாது என்ற கட்டளையும் சேர்த்துச் சொல்லப்படுகிறது.

27ஆம் அதிகாரம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒருவர் தம் நிலத்தை ஆண்டவருக்கு நேர்ந்துவிட்டால் அதன் மதிப்பை விதைப்பாட்டைக் கொண்டு தீர்மானிக்க வேண்டும். ஒரு கலம் வாற்கோதுமை விதைக்கும் நிலத்துக்கு 50 வெள்ளிச் செக்கேல். யூபிலி முடிந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தால், அடுத்த யூபிலிக்கு மீதியுள்ள ஆண்டுகளுக்குத் தக்கபடி கணக்கிட்டு அந்தத் தொகையைக் குறைக்க வேண்டும். அப்படிக் கணக்குப் போடும் பொறுப்பு யாருக்கு? குருவுக்கு! ஆகவே பழைய பொருளின் விலையைக் கணக்கிடுவது குருவின் வேலையன்று என்று எவரும் சொல்ல முடியாது. மோயீசன் காலந்தொட்டு அது எங்கள் கடமைகளில் ஒன்றாகவே இருந்திருக்கிறது.

இதில் அடங்கியிருக்கும் உண்மை எளியது. பழைய பொருளை வாங்குகிறவர் அதில் ஏற்கெனவே தீர்ந்துபோன ஆண்டுகளை வாங்குவதில்லை, இனி வரப்போகும் ஆண்டுகளையே வாங்குகிறார். மீதியிருக்கும் உழைப்புக்கு ஏற்பவே விலை அமைய வேண்டும். இக்காலத்துக் கணக்கர்கள் தேய்மானம் என்று சொல்வதன் மூலக்கருத்து லேவியர் நூலில் தெளிவாகவே இருக்கிறது.

கலிலேயாவில் கிடைத்த பழைய படகு

ஒரு பொருளின் ஆயுள் முழுவதும் தீர்ந்துவிட்டால் அதற்கு விலையே இல்லையா? இதற்கு ஒரு பழைய படகு பதில் சொல்லும். 1986ஆம் ஆண்டு கடும் வறட்சியால் கலிலேயக் கடலின் நீர் வற்றியபோது, கினோசார் என்னும் இடத்தைச் சேர்ந்த சகோதரர் இருவர் சேற்றில் புதைந்திருந்த ஒரு படகைக் கண்டெடுத்தனர். ஆண்டவராகிய இயேசு வாழ்ந்த காலத்தை ஒட்டிய படகு அது என்று ஆராய்ச்சியாளர்கள் கணித்தார்கள். நீளம் ஏறத்தாழ 8.2 மீட்டர், அகலம் 2.3 மீட்டர். இராயப்பரும் யாகப்பரும் அருளப்பரும் ஏறிய படகு இதுவேதான் என்று சொல்ல எந்தச் சான்றும் இல்லை. ஆனால் அவர்கள் தொழில் செய்த படகு எப்படிப்பட்டதாக இருந்திருக்கும் என்பதை இதைக் கொண்டு அறியலாம்.

அந்தப் படகின் பலகைகளை ஆராய்ந்தவர்கள் வியந்துபோனார்கள். அதில் சுமார் 12 வகை மரங்கள் இருந்தன. கேதுரு மரப் பலகையோடு, கையில் கிடைத்த மட்டமான மரத்துண்டுகளும் ஒட்டுப் போடப்பட்டிருந்தன. சில துண்டுகள் வேறு பழைய படகிலிருந்து எடுத்துப் பொருத்தியவை. பல முறை பழுது பார்த்து, இனி ஓடாது என்ற நிலை வந்ததும், பயன்படக்கூடிய பாகங்களைக் கழற்றிக்கொண்டு வெறும் அடிக்கூட்டை நீரில் தள்ளிவிட்டிருக்கிறார்கள். ஏழை மீனவர்களின் சிக்கனம் இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் அந்தச் சேற்றில் சாட்சி சொல்கிறது.

இதிலிருந்து விலைக்கணக்கின் இரண்டாம் பகுதி கிடைக்கிறது. ஓடும் ஆயுள் தீர்ந்தாலும் மூலப்பொருளுக்கு மதிப்பு உண்டு. படகில் பலகையும் இரும்பும், புடவையில் வெள்ளியும் பொன்னும் அப்படிப்பட்டவை. பழைய பொருளின் விலை இதற்குக் கீழே இறங்கக் கூடாது. இது தரைமட்டம்; மீதி ஆயுள் அதன்மேல் எழும் சுவர்.

நம் கரையில் படகுக்கு விலை பேசுவது

காஞ்சி நகரில் இருக்கும் நமக்குப் படகைப்பற்றி என்ன கவலை? 2002ஆம் ஆண்டு சென்னை மயிலை உயர்மறைமாவட்டத்திலிருந்து பிரிந்து உருவான நம் செங்கற்பட்டு மறைமாவட்டத்தில் தறியும் உண்டு, படகும் உண்டு. கார்மேல் மாதா ஆலயம் நிற்கும் கோவளம் கடற்கரையில் வலை இழுப்பவர்களும் காஞ்சித் தெருக்களில் நாடா தள்ளுகிறவர்களும் ஒரே ஆயரின் மந்தை. மேலும், படகின் கணக்கைப் புரிந்துகொண்டால் புடவையின் கணக்கு எளிதில் விளங்கும்.

நம் கடற்கரைகளில் மீன்பாட்டைப் பங்கு பிரிக்கும்போது, உழைத்த ஆட்களுக்குப் போலவே படகுக்கும் வலைக்கும் இயந்திரத்துக்கும் பங்கு ஒதுக்குவது பழைய வழக்கம். படகையும் ஓர் உழைப்பாளியாகவே நம் மீனவர் எண்ணுகிறார்கள். ஆகவே பழைய படகை வாங்குகிறவர், இனி அந்தப் படகுக்கு வரப்போகும் பங்குகளை வாங்குகிறார். யூபிலிச் சட்டத்தில் அறுவடை என்று சொன்னது இங்கே மீன்பாடு.

ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். இன்று அதே மாதிரியான புதுப் படகின் கூடு மட்டும் 3,00,000 ரூபாய்; நன்கு பராமரித்தால் 10 ஆண்டுகள் ஓடும்; 6 ஆண்டுகள் ஓடிவிட்டது. மீதி 4 ஆண்டுகள். அதாவது புது விலையில் பத்தில் நான்கு பங்கு, 1,20,000 ரூபாய். உடனே செய்ய வேண்டிய பழுது வேலைக்கு 20,000 ரூபாய் ஆகுமென்றால் அதைக் கழிக்க வேண்டும். மீதி 1,00,000 ரூபாய். இனி வேறு வழியிலும் பார்க்கலாம். செலவு போகப் படகின் பங்காக ஆண்டுக்கு 35,000 ரூபாய் கிடைத்து வந்தால், 4 ஆண்டுகளுக்கு 1,40,000 ரூபாய். ஆனால் கடலின் அபாயத்தை இனி ஏற்கப்போகிறவர் வாங்குகிறவரே. காசை இன்று கொடுத்துவிட்டுப் பலனை நாளை பெறப்போகிறவரும் அவரே. ஆகவே முழுத்தொகையையும் அவரிடம் கேட்பது முறையன்று. இவ்விரண்டு கணக்குகளுக்கும் நடுவில் எங்கேயோ நியாய விலை இருக்கிறது. இயந்திரத்தையும் வலையையும் தனித்தனியே மதிப்பிட வேண்டும். ஏனெனில் அவற்றின் ஆயுள் வேறு.

நியாய விலை என்பது ஊசிமுனை போன்ற ஒரே புள்ளியன்று என்பதை நம் இறையியலாரும் அறிந்திருந்தனர். 15ஆம் நூற்றாண்டில் சியேனா நகர்ப் புனித பெர்னார்தீனாரும், ஃபிளாரன்ஸ் பேராயர் புனித அந்தோனீனாரும் சந்தை வியாபாரத்தைப்பற்றி விரிவாகப் போதித்தார்கள். பொருளின் பயன், அதன் அருமை, மக்களுக்கு அதன்மேல் உள்ள விருப்பம் ஆகிய மூன்றையும் வைத்து, ஏமாற்றும் நிர்ப்பந்தமும் இல்லாமல் ஊரார் பொதுவாக மதிப்பிடும் விலையே நியாய விலை; அதில் சிறிது ஏற்றமும் இறக்கமும் இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து.

அறிந்தவர் விற்கிறவர் ஆனால்

கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் ஒரு குறை இருக்கிறது. அந்தப் படகு உண்மையாகவே இன்னும் 4 ஆண்டுகள் ஓடுமா என்பதை யார் அறிவார்? விற்கிறவர்தான் அறிவார். மரத்தைக் கடற்புழு எங்கே துளைத்தது, பாறையில் மோதிய இடத்தில் வெளிப்பூச்சுக்கு அடியில் விரிசல் எவ்வளவு ஆழம், இயந்திரம் எத்தனை முறை உப்புநீர் குடித்தது என்பதெல்லாம் அவர் மனத்துக்குத் தெரியும். புதுச் சாயம் பூசினால் வாங்குகிறவர் கண்ணுக்கு எதுவும் தெரியாது.

படகின் வயதும் சில வேளைகளில் பொய் சொல்லும். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நம் கரையைத் தாக்கியபின், உதவி செய்யும் ஆர்வத்தில் ஏராளமான கண்ணாடியிழைப் படகுகள் மிக விரைவாகக் கட்டப்பட்டன. நல்ல படகுகளும் இருந்தன. அவசரத்தில் தரம் குறைந்தவையும் கலந்துவிட்டன. ஒரே ஆண்டில் பிறந்த இரு படகுகளுக்கு ஒரே விலை என்று சொல்ல முடியாது. இதற்கு மாறாக, குமரி மாவட்டத்து முட்டத்தில் 1980களில் பெல்ஜியம் நாட்டவரான பியர் ஜில்லே முதலானோர் ஒட்டுப்பலகைப் படகுகளை உருவாக்கியபோது, கரையில் அலையைக் கடக்க வேண்டிய மீனவரின் தேவையைக் கேட்டுக் கேட்டுப் படிப்படியாகத் திருத்தி அமைத்தார்கள். எப்படிக் கட்டப்பட்டது என்பதும் விலையின் ஒரு பகுதியே.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு பழுதும் உண்டு. அது கடன். முன்பணம் கொடுத்த வியாபாரிக்கே மீனைப் போட வேண்டும் என்ற கட்டு பல கரைகளில் படகோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. இக்கட்டிலிருந்து மீனவரை விடுவிப்பதற்காகவே தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு போன்ற அமைப்புகள் தோன்றின. முன்பணம் வாங்கி ஒரே முதலாளியின் தறிக்குக் கட்டுப்பட்ட நெசவாளியின் நிலை நமக்குத் தெரியாததா? கடனுள்ள படகைக் கடனில்லாதது போல விற்றால், விரிசலைச் சாயத்தால் மறைத்ததற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை.

புனித தோமாஸ் அக்குவீனாஸ் 13ஆம் நூற்றாண்டில் எழுதிய இறையியல் சுருக்கம் என்னும் பெருநூலில், இரண்டாம் பாகத்தின் இரண்டாம் பிரிவில், 77ஆம் கேள்வி முழுவதையும் வாங்கல் விற்றலில் வரும் வஞ்சகத்துக்கே ஒதுக்கியிருக்கிறார். மறைந்திருக்கும் பழுதால் வாங்குகிறவருக்கு நஷ்டமோ ஆபத்தோ வருமானால் விற்கிறவர் அதைச் சொல்லியே ஆக வேண்டும் என்கிறார். ஒரு கண் இல்லாத குதிரையைப்போல் பழுது வெளிப்படையாகத் தெரிந்து, அதற்கேற்ப விலையும் குறைந்திருந்தால் வாய்விட்டுச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. நொண்டிக் குதிரையை ஓடும் குதிரையென்றும், இடியப்போகும் வீட்டை உறுதியான வீடென்றும் விற்பதோ பாவம். படகின் விஷயத்தில் இது இன்னும் பெரிது. வீடு இடிந்தால் வெளியே ஓடலாம். நடுக்கடலில் பலகை பிளந்தால் எங்கே ஓடுவது?

அறிந்தவர் வாங்குகிறவர் ஆனால்

இப்போது நம் ஊருக்கு வருவோம். படகில் விற்கிறவர் அறிந்தவர். பழைய பட்டுப்புடவையிலோ நிலைமை தலைகீழ். விற்கும் தாய்க்கு அது தன் கலியாணப் புடவை, அவ்வளவுதான் தெரியும். வாங்குகிறவருக்குத்தான் சரிகை தெரியும்.

சரிகை என்பது பட்டு நூலின்மேல் வெள்ளித் தகட்டுக் கம்பியைச் சுற்றி, அதற்குப் பொன்முலாம் பூசியது. நெசவாளருக்குத் தரமான சரிகை கிடைக்க வேண்டும் என்பதற்காகத் தமிழ்நாடு சரிகை நிறுவனம் 1971ஆம் ஆண்டு நம் காஞ்சியில் அரசால் தொடங்கப்பட்டது. தற்காலத்தில் கூட்டுறவுச் சங்கங்களுக்கு என்று வகுத்த அளவின்படி, அசல் சரிகையில் வெள்ளி 40 விழுக்காடு, செம்பு 35.5 விழுக்காடு, பட்டு 24 விழுக்காடு, தங்கம் 0.5 விழுக்காடு. முற்காலத்துச் சரிகையில் வெள்ளியின் பங்கு இதைவிடக் கூடுதலாகவே இருந்தது. அதாவது, நைந்துபோன பாட்டியின் புடவையில் பேத்தியின் புதுப்புடவையில் இருப்பதைக் காட்டிலும் அதிக வெள்ளி இருக்கக்கூடும்.

இதையும் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு புடவையில் 150 கிராம் சரிகை இருப்பதாகக் கொள்வோம். 40 விழுக்காடு என்றால் 60 கிராம் வெள்ளி. அரை விழுக்காடு என்றால் முக்கால் கிராம் தங்கம். அன்றைய வெள்ளி விலையையும் தங்க விலையையும் செய்தித்தாளில் பார்த்துப் பெருக்கிக்கொள்ளலாம். எரித்து உருக்கிப் பிரிப்பதில் வரும் சேதாரம், வாங்குகிறவரின் கூலி, நேர்மையான இலாபம் இவற்றைக் கழித்தால் மீதி நிற்பது அந்தப் புடவையின் தரைமட்ட விலை. புடவை இன்னும் உடுத்தும் நிலையில், கரையும் முந்தியும் குலையாமல், கோர்வை விடாமல் இருந்தால் அதற்கு மேலும் பெறும். 2025ஆம் ஆண்டில் வெள்ளி விலை வேகமாக ஏறிய செய்தி எல்லோருக்கும் எட்டியது. ஆனால் பீரோவின் அடியில் மடித்து வைத்த புடவைக்கும் அந்தச் செய்திக்கும் உள்ள உறவு எத்தனை தாய்மாருக்குத் தெரிந்திருக்கும்?

தெரியாமல் குறைவாகக் கேட்கிறவரிடம் குறைவாகவே கொடுத்து வாங்குவது சாமர்த்தியம் என்று உலகம் சொல்லும். அக்குவீனாஸ் அதே 77ஆம் கேள்வியில் இதற்கும் தீர்ப்பு எழுதியிருக்கிறார். விற்கிறவர் அறியாமையால் பொன்னைப் பித்தளையென்று எண்ணி விற்றால், அதை அறிந்து வாங்கியவர் அநியாயமாக வாங்கியவர். மிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கக் கடமைப்பட்டவர். ஆக, பழுதைச் சொல்ல வேண்டிய கடமை விற்கிறவருக்கு இருப்பதுபோல, மதிப்பைச் சொல்ல வேண்டிய கடமை வாங்குகிறவருக்கும் இருக்கிறது. எவர் அதிகம் அறிந்திருக்கிறாரோ அவர்மேல்தான் நியாயத்தின் பாரம் விழுகிறது.

இதற்கு முன்மாதிரியாக ஒரு மனிதரைப் புனித அகுஸ்தீனார் நமக்குக் காட்டுகிறார். மூவொரு கடவுளைப்பற்றி அவர் எழுதிய நூலின் 13ஆம் புத்தகத்தில் இந்நிகழ்ச்சி வருகிறது. மலிவாக வாங்கி விலையேற்றி விற்கவே எல்லோரும் விரும்புகிறார்கள் என்ற உலக வழக்கைக் குறிப்பிட்டுவிட்டு, அப்படியில்லாத ஒருவரைத் தாம் அறிந்திருப்பதாக அவர் சொல்கிறார். அவரிடம் ஒரு கையெழுத்துப் பிரதி விலைக்கு வந்தது. விற்க வந்தவர் அதன் மதிப்பை அறியாமல் மிகக் குறைந்த தொகையைக் கேட்டார். அந்த மனிதரோ, கேட்டவர் எதிர்பாராத வகையில், அதற்குரிய நியாய விலையையே கொடுத்தார். அவர் அகுஸ்தீனாரேதானோ என்று ஊகிப்பவர்களும் உண்டு. பெயர் எதுவானால் என்ன? பழைய பொருள் ஒன்றைக் கேட்டதற்கு மேல் கொடுத்து வாங்கிய அந்த மனிதர், 1,600 ஆண்டுகளாக நமக்குப் பாடம் சொல்லி நிற்கிறார்.

நம் தமிழ் மரபும் இதற்கு அந்நியமன்று. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பெரும்பாணாற்றுப்படையில் பாடிய அதே கடியலூர் உருத்திரங்கண்ணனார், பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் போற்றும்போது, தமது பொருளையும் பிறர் பொருளையும் ஒன்றாக மதித்து, அளவிலும் விலையிலும் நடுவுநிலை தவறாதவர்கள் என்று சிறப்பிக்கிறார்.

புதையலைக் கண்டவன், நிலத்துக்குரியவனிடம் சொல்லாமல் அந்நிலத்தை வாங்கினானே, ஆண்டவர் அவனைப் புகழவில்லையா என்று சிலர் கேட்கக்கூடும். மத்தேயு நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் வரும் அந்த உவமை விண்ணரசின் அருமையைக் காட்டுவது. தனக்குள்ளதெல்லாம் விற்றுக் கொடுக்கத் துணிந்த அவனுடைய மகிழ்ச்சியை ஆண்டவர் எடுத்துக்காட்டினாரேயன்றி, வியாபாரத்துக்கு விதி வகுக்கவில்லை.

ஒப்புக்கொண்டால் போதுமா?

அவர்தானே சம்மதித்து விற்றார், நான் என்ன கழுத்தைப் பிடித்தேனா என்பது வழக்கமாகக் கேட்கும் பேச்சு. சம்மதம் என்னும் சொல்லை உரோமைச் சட்டமே சந்தேகத்தோடுதான் பார்த்தது. பேரரசர் தியோக்கிளேசியன் பெயரால் வந்து, 6ஆம் நூற்றாண்டில் யுஸ்தீனியன் தொகுத்த சட்டத்தில் இடம்பெற்ற ஒரு விதி உண்டு. நியாய விலையில் பாதிக்கும் குறைவாக நிலத்தை விற்க நேர்ந்தவர் அந்த விற்பனையை இரத்துச் செய்யும்படி கேட்கலாம். வாங்கியவர் நிலத்தைத் திருப்பித் தர வேண்டும், அல்லது குறைந்த தொகையை நிரப்ப வேண்டும். இடைக்காலத் திருச்சபைச் சட்ட அறிஞர்கள் இவ்விதியை மற்றப் பொருள்களுக்கும் விரித்தார்கள். அதிக விலை கொடுத்து ஏமாந்த வாங்குகிறவருக்கும் இந்தப் பாதுகாப்பைத் தந்தார்கள்.

1891ஆம் ஆண்டில் பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் தொழிலாளர் நிலைபற்றி வெளியிட்ட சுற்றுமடலில், கூலியைக் குறித்து இதே கருத்தை வற்புறுத்தினார். பசிக்கும் இன்னும் பெரிய தீமைக்கும் அஞ்சி ஒருவர் குறைந்த கூலிக்கு ஒப்புக்கொண்டால், அந்தச் சம்மதம் நியாயமாகிவிடாது. இரு தரப்பாரின் ஒப்பந்தத்துக்கும் மேலாக இயற்கை நீதி ஒன்று இருக்கிறது என்று போதித்தார். கூலிக்குச் சொன்னது விலைக்கும் பொருந்தும். நம் நாட்டின் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், விலை குறைவு என்ற ஒரே காரணத்துக்காக ஒப்பந்தம் செல்லாது என்று சொல்லவில்லை. எனினும் சம்மதம் மனமுவந்து கொடுக்கப்பட்டதா என்பதை ஆராயும்போது விலையின் குறைவை நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம் என்று 25ஆம் பிரிவின் விளக்கத்தில் கூறுகிறது. நீதிமன்றம் கேட்கக்கூடிய கேள்வியை மனச்சாட்சி முன்னதாகவே கேட்க வேண்டாமா?

நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை இயந்திரப் படகுகளுக்கு மீன்பிடித் தடை உண்டு. 2017ஆம் ஆண்டு முதல் அது 61 நாள். அந்த நாள்களில் வருமானம் நின்று, பள்ளிக் கட்டணமும் கடன் தவணையும் நெருக்கும்போது விலைக்கு வரும் படகை அடிமாட்டு விலைக்குக் கேட்பவர், அதன் மீதி ஆயுளையா பார்க்கிறார்? விற்பவரின் பசியைப் பார்க்கிறார். ஒருவருடைய அவசரத் தேவை மற்றவருக்குச் சொந்தமான சரக்கன்று; ஆகவே அதற்கு விலை வைக்க அவருக்கு உரிமை இல்லை என்பது அக்குவீனாஸின் வாதம். அதே சமயம், ஒரு பொருளைப் பிரிவதால் விற்கிறவருக்குத் தனி நஷ்டம் ஏற்படுமானால் அதற்காகச் சிறிது கூட்டிக் கேட்கலாம் என்றும் அவர் அனுமதிக்கிறார். தாலி கட்டிய நாளில் உடுத்திய புடவையைப் பிரியும் தாய், கொஞ்சம் கூடுதலாகக் கேட்டால் அவளைப் பேராசைக்காரி என்று சொல்லாதீர்கள்.

நம் பங்கில் செய்யக்கூடியவை

வரலாறு படித்து மடித்து வைப்பதற்கு மட்டுமன்று. யூபிலியின் நினைவாக நம் பங்குமக்கள் சில நல்ல பழக்கங்களை மேற்கொள்ளலாம்.

முதலாவது, பழைய பொருளை விற்கும் முன் ஒரு நாளாவது பொறுத்திருங்கள். புடவையானால் வீட்டிலேயே எடை பார்த்து, நகைக்கடையிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ விவரம் அறிந்தவரிடம் சரிகை அசலா என்று கேளுங்கள். உலோகத்தின் அளவை ஊடுகதிரால் காட்டும் கருவிகள் இன்று பல நகைக்கடைகளில் உள்ளன. தெருவில் வருகிறவர் சொல்வதே முடிந்த விலையென்று நினைக்காதீர்கள். இரண்டு இடத்திலாவது விசாரியுங்கள். அசல் சரிகை இல்லையென்று தெரிந்தால், அசல் என்று சொல்லி விற்காதீர்கள்.

இரண்டாவது, தறியோ தையல் இயந்திரமோ வண்டியோ எதை விற்றாலும், புது விலை என்ன, முழு ஆயுள் எவ்வளவு, மீதி எவ்வளவு, பழுதுச் செலவு என்ன என்று நான்கு வரியில் ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாளை இருவரும் பார்க்கட்டும். மறைக்க ஒன்றுமில்லாதவருக்கு இது பாரமன்று. படகு வாங்கும் உறவினர் உங்களுக்கு இருந்தால், பதிவுச் சான்றையும் கடன் பாக்கியையும் பார்க்காமல் கை நீட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

மூன்றாவது, சாவு வீட்டிலும் நோயாளி வீட்டிலும் விலை பேசப் போகாதீர்கள். அந்த வேளையில் பணம் தேவையென்றால் வின்சென்ட் தே பவுல் சபையாரோ அன்பியத்தாரோ சிறிது கைமாற்றுக் கொடுத்து, ஆற அமர விற்க வழி செய்தால், அது பத்து நாள் அன்னதானத்துக்கு ஈடான தர்மம்.

நான்காவது, முன்பு எப்போதாவது ஒருவருடைய அறியாமையினாலோ அவசரத்தினாலோ மிகுதியாக ஆதாயம் பெற்றிருந்தால், அதைத் திருப்பிக் கொடுக்க இதுவே காலம். யூபிலி என்றாலே திருப்பிக் கொடுப்பதுதான். சக்கேயு ஆண்டவரைத் தம் வீட்டில் ஏற்ற நாளில் நாலத்தனையாகத் திருப்பித் தருவதாகச் சொன்னார். நாலத்தனை வேண்டாம், குறைத்த அளவையாவது கொடுத்துவிட்டால் பாவசங்கீர்த்தனத்துக்கு வரும் கால்கள் இலேசாக இருக்கும்.

பங்கு மக்களே, நம் ஆலயத்தின் யூபிலிக்காக மணி அடிப்போம், கொடி ஏற்றுவோம், தேர் இழுப்போம். லேவியர் நூலின் யூபிலியில் எக்காளம் முழங்கியபோது, ஏழையின் காதில் அது ஒரு செய்தியாக விழுந்தது: இழந்தது திரும்பி வரும், இனி எவரும் உன்னை ஏமாற்றமாட்டார்கள் என்பதே அந்தச் செய்தி. நம் மணியோசையும் அப்படியே கேட்கட்டும். காஞ்சியின் தறிகளையும் கோவளத்தின் படகுகளையும், வாங்குகிற கைகளையும் விற்கிற கைகளையும் எல்லாம் வல்ல இறைவன் ஆசீர்வதிப்பாராக.

கிறிஸ்துவில் உங்கள் அன்புள்ள,
பங்குத் தந்தை